ஊறப்போட்ட ஆப்பிள்

திருவாரூர்
3.2.2025

ஷீபா அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறீர்கள், கடிதம் எழுதிக்கொள்ளுங்கள் என்று ஷீபா சொன்னது உங்களுக்கு வசதியாகப் போயிற்று. நான் வீட்டைவிட்டு வந்து எட்டு மாதம். இப்போது நீங்கள் எழுதிய கடிதத்தில் நலமா என்று ஒரு வரி இல்லை. 23ஆம் தேதி ஷீபா கல்யாணத்தைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம், சம்பந்தியம்மா முன்பு நம் வீட்டில் சாப்பிட்ட சுட்ட ஆப்பிளைக் கேட்கிறாராம், நான் ஒருநாள் வந்து செய்துகொடுத்துவிட்டுப் போகவேண்டுமாம், பிரிந்திருப்பது அவர்களுக்குத் தெரியக்கூடாதாம். இதைக் கேட்க உங்களுக்கு எப்படித்தான் மனசு வந்தது?

வரமாட்டேன். எனக்கு நடிக்கத் தெரியாது. செய்முறை மட்டும் தருகிறேன். அடி உடையாமல் நடுவிலுள்ள விதைப்பகுதியைத் தோண்டி எடுங்கள். குழியில் வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, உலர்திராட்சை, கொஞ்சம் பட்டைத்தூள். தட்டில் அரை டம்ளர் வெந்நீர். ஓவனில் முக்கால் மணி நேரம். சூடாகப் பரிமாறவேண்டும்.

மேரி

பூதலூர்
9.2.2025

மேரிக்கு,

நலமா? கேட்டுவிட்டேன்.

செய்முறையில் நீ எதையோ மறைத்துவிட்டாய். ஆறு ஆப்பிளும் வெடித்துக் கூழாகிவிட்டன. நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. முப்பது வருஷமாக மில்லில் நெல் அவிக்கிறேன். தோல் உள்ளதை ஊறவைக்காமல் சூட்டில் வைக்கக்கூடாது என்பது தெரியும். முதல்நாள் சாயங்காலமே வெந்நீரில் ஊறப்போட்டேன். அப்படியும் இந்தக் கதி. சம்பா நெல் வந்து குவிந்து கிடக்கிற நேரத்தில் நான் ஆப்பிள் தோண்டிக்கொண்டிருக்கிறேன். "முதலாளி, பேசாம ஐஸ்கிரீம் வாங்கிடலாமே" என்கிறான் டிரைவர் சலாஹுதீன். பிடிவாதத்தை விட்டுவிட்டு வா. நம் பெண்ணின் கல்யாணம்.

இன்னொன்று. அந்தத் தட்டில் ஆறுதான் பிடிக்கிறது. வருகிறவர்கள் நாலு பேர், நான், ஷீபா. நீயும் வந்தால் ஏழு. எப்படிச் சமாளிப்பாய்?

சகாயநாதன்

திருவாரூர்
13.2.2025

ஷீபா அப்பாவுக்கு,

ஆப்பிளை ஊறப்போட்டீர்களா! படித்ததும் சிரித்துவிட்டேன், பிறகு பற்றிக்கொண்டு வந்தது. எழுதியதைச் செய்ய என்ன கஷ்டம்? வெடிக்காமல் இருக்க, நடுவில் சுற்றிலும் ஒரு விரல் அகலம் தோலைச் சீவிவிடவேண்டும். அதை எழுத மறந்தது மட்டும் என் தப்பு.

தட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விருந்தாளி வந்தால் எப்போதும் ஒன்று குறையும். நான் சாப்பிடமாட்டேன். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் சமாளித்தேன். வீட்டில் இருந்தவரை சண்டையே இல்லையே, எதற்குப் போனாள் என்று எல்லாரிடமும் கேட்கிறீர்களாமே. சண்டை வருவதற்கு நீங்கள் என்னைக் கவனித்திருக்கவேண்டும்.

அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். பொய் சொல்லிப் பெண்ணைக் கொடுத்தால் நான் கல்யாணத்துக்கும் வரமாட்டேன். இது மிரட்டல்தான்.

மேரி

பூதலூர்
24.2.2025

மேரிக்கு,

ஆப்பிள் நன்றாக வந்தது. முதல் வாயிலேயே சம்பந்தியம்மா, "இது மேரி கைப்பக்குவமாச்சே! எங்கங்க அவங்க?" என்றார். நான் செய்தது என்றால் யாரும் நம்பவில்லை, சிரித்தார்கள். உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. ஷீபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ எட்டு மாசமா எங்கூட இல்லைங்க. தப்பு எம்மேலதான்" என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். சம்பந்தியம்மா, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? அவங்க சரின்னு சொன்னா எங்களுக்கும் சரி" என்றார். ஷீபா எழுந்து அடுப்படிக்குள் போய் அழுதாள்.

அவர்களுக்கு ஒரு போன் செய். திரும்பி வா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இல்லை.

சகாயநாதன்

திருவாரூர்
1.3.2025

ஷீபா அப்பாவுக்கு,

போன் செய்தேன். முழுச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமை வருவேன். ஷீபாவுக்குப் பக்கத்தில் உட்காருவேன். இப்போதைக்கு அவ்வளவுதான்.

திரும்பி வா என்று நீங்கள் கேட்டிருந்தால் முடியாது என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன். பதிலையும் தயாராக வைத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல் மூன்று நாளாகக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எரிச்சலாக இருக்கிறது.

மேரி