ஒரே மேஜையில் உண்பவர்கள்

மே 14, செவ்வாய்

காலை முழுவதும் மூன்றாம் பம்ப் இரைந்துகொண்டே இருந்தது. புதிய இயக்குநர் எட்டிப் பார்த்து, சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே என்றார். பொருளாதாரம் படித்தவர். நிலவியல் படித்துவிட்டு இருபது ஆண்டாக இந்த வடிகால் வாரியத்தில் பம்புகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு அது தெரியவில்லை போலும்.

மதியம் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு. ‘நீர், நிலம், சமூகம்’. நீரியல், சட்டம், வரலாறு மூன்றும் சேர்ந்த முனைவர் பட்டம். ஆறு இடங்கள். வயது வரம்பு இல்லை.

இரண்டு முறை படித்தேன். எனக்கு ஐம்பது வயது. மனைவி நிவெஸிடம் சொல்லவில்லை.

மே 15, புதன்

சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மே 26, ஞாயிறு

ஆய்வுத் திட்டம் எழுதுகிறேன். எங்கள் ஃபெராரா நகருக்குக் கிழக்கே நூறு ஆண்டுக்கு முன் உப்பேரிகளை வடித்து வயலாக்கினார்கள். விலாங்கு பிடித்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். இப்போது அந்த வயல்களுக்கு அடியில் கடல் மெல்ல மேலே வருகிறது. பம்ப் நின்றால் ஒரே வாரத்தில் பாதி மாவட்டம் குளம். இதை யார் முடிவு செய்தார்கள், யார் பொறுப்பு, உப்பு எவ்வளவு தூரம் வந்துவிட்டது, மூன்றும் ஒரே கேள்வி என்று எழுதியிருக்கிறேன். நன்றாகவே வந்திருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பேடு, வேறு யாரிடம் சொல்வது?

சாப்பாட்டின்போது பேச்சு துல்லியோ ஸகாத்தியிடம் போய் நின்றது. எப்போதும் அங்கேதான் போகும். இருபத்து மூன்று ஆண்டுக்கு முன் இதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஒரே ஓர் இடம். அவன் முதல், நான் இரண்டாவது. அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க இருவரும் ஒரே படகில் கால்வாய் கால்வாயாகப் போய் உப்பை அளந்தோம். கட்டுரை அவன் பெயரில் மட்டும் வந்தது. இப்போது பேராசிரியர். தோல் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போகிறான்.

நிவெஸ் தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்: “இந்தத் தேர்வுக் குழுவுல அவரு இல்லையே. கெடைக்கலன்னா இந்தத் தடவ யாரத் திட்டுவே?”

 சலூன் வைத்திருப்பவள், நாள் முழுக்க ஊர்க்கதை கேட்டுக் கேட்டு எங்கே கத்தரி வைப்பது என்று அவளுக்குத் தெரியும்.

ஜூன் 10, திங்கள்

அனுப்பிவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

எழுபதுக்கு மேல் விண்ணப்பங்களாம். வாய்மொழித் தேர்வுக்குப் பதினெட்டுப் பேர். என் பெயர் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் நிவெஸின் அக்கா பையன் வயது. வரும் வழியில் ஒரு தர்பூசணி முழுதாக வாங்கிச் சைக்கிள் கூடையில் வைத்து ஓட்டிவந்தேன். கொசுக்கடி கூடத் தெரியவில்லை.

ஜூலை 1, திங்கள்

புது அறிவிப்பு. தேர்வுக் குழுவில் ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம். அவருக்குப் பதிலாக: பேராசிரியர் துல்லியோ ஸகாத்தி.

எவ்வளவு பெரிய ஊர், எத்தனை பேராசிரியர்கள். இடுப்பு உடைந்தால் வந்து உட்கார இவன்தானா கிடைத்தான்?

ஒன்றை மட்டும் உண்மையாக எழுதி வைக்கிறேன். படித்ததும் முதலில் வந்தது கோபம் இல்லை. நிம்மதி. இனி தோற்றாலும் காரணம் இருக்கிறது.

ஜூலை 3, புதன்

நிவெஸின் வாடிக்கைக்காரி வழக்கறிஞர் ஓம்ப்ரெத்தா. சாயம் போட்டுத் தலை முழுக்க வெள்ளித்தாள் மடிப்போடு உட்கார்ந்திருந்தார். நிவெஸ் என்னைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்திவிட்டாள்.

குழுவில் இருப்பவர்கள் தேர்வன்று எல்லோர் முன்னிலையிலும் ஒன்று சொல்ல வேண்டுமாம். பட்டியலில் இருக்கிற யாரோடும் தனக்கு உறவு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, கடும் பகை இல்லை, வழக்கமாக ஒரே மேஜையில் உண்பவரும் இல்லை என்று. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் விலக வேண்டும். விலகாவிட்டால் நான் ஆட்சேபம் கொடுக்கலாம்.

“ஒண்ணா சாப்புடறது கூடவா?” என்றாள் நிவெஸ்.

“பின்ன? வாராவாரம் சாப்பாடு போட்டவன எப்படி ஃபெயில் பண்றது?” என்றார் ஓம்ப்ரெத்தா.

எனக்குப் பகைதான் வேண்டும் என்றேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

“பகைன்னா ரெண்டு பக்கமும் இருக்கணும் இவானோ. ஒத்தப் பக்கப் பகை செல்லாது. அவரு உங்கள வெறுக்கறாரா?”

தெரியாது. இத்தனை ஆண்டில் அதை நான் யோசித்ததே இல்லை.

ஜூலை 6, சனி

ஆட்சேபம் எழுத உட்கார்ந்தேன். உண்மைகளை வரிசையாகச் சொல்ல வேண்டுமாம். கட்டுரை விஷயம் முதலில். அதற்குச் சாட்சி இல்லை. அடுத்து, ஆசிரியர் ஒருவரின் சாவு வீட்டில் என்னைத் தாண்டிப் போனது. அடுத்து, போன ஆகஸ்டில் சந்தையில் நான் கை வைக்கப் போன முலாம்பழத்தை அவன் எடுத்துக்கொண்டது.

நிவெஸ் பின்னாலிருந்து சத்தமாகப் படித்தாள். முலாம்பழம் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல்.

“அந்தப் பழம் நல்லா இருந்திருக்குமா?”

“நல்லா இருந்திருக்கும்” என்றேன். அதில் சந்தேகமில்லை.

பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தத் தாளில் பழத்தோலைச் சுருட்டிப் போட்டோம். ஆட்சேபம் இல்லை. அவன் உட்காரட்டும், மார்க்கைக் குறைக்கட்டும். என் காரணம் என்னோடு இருக்கட்டும்.

ஜூலை 11, வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

வாய்மொழித் தேர்வை இங்கே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கதவைச் சாத்தக் கூடாது. ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். வெக்கை. பின் வரிசையில் நிவெஸ், சலூனைப் பூட்டிவிட்டு விசிறியோடு. மற்றவர்கள் தேர்வுக்கு வந்த பிள்ளைகள்.

குழுத் தலைவர் கல்ஸொலாரி அம்மையார், நீரியல் பேராசிரியர். பதினெட்டுப் பெயரையும் படித்தார். பிறகு அந்தக் கேள்வி. தனக்கு எதுவும் இல்லை என்றார். சட்டப் பேராசிரியரும் இல்லை என்றார். ஸகாத்தி எழுந்து நின்றான். முடி கொட்டிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். படகிலும் பேசுவதற்கு முன்னால் இப்படித்தான் துடைப்பான்.

“ஒருத்தரப் பத்திச் சொல்லணும். குறிப்புல எழுதிக்குங்க. இவானோ தெபால்தியும் நானும் ஒரு குளிர்காலம் பூரா ஒரே படகுல வேல பாத்தோம். என் முதல் கட்டுரையில இருக்கற அளவுகள்ல பாதிக்கு மேல அவரு எடுத்தது. அவரு பேரு அதுல இல்ல. நான் அவருக்கு மார்க் போடறது சரியா இருக்காது. வெலகிக்கறேன்.”

கல்ஸொலாரி அம்மையார் பேனாவோடு நிமிர்ந்தார். “காரணம்னு ஒண்ணு எழுதியாகணும் ஸகாத்தி. நட்பா, பகையா?”

அவன் என்னைப் பார்த்தான்.

“நட்புன்னே போடுங்க. பகைன்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்ல.”

தோல் பையை எடுத்துக்கொண்டு, கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த நாற்காலியைச் சுற்றி வெளியே போய்விட்டான்.

இருபத்து மூன்று ஆண்டு. எத்தனை விதமாகக் கற்பனை செய்திருப்பேன், அவன் இதைச் சொல்லுகிற நாளை. மண்டியிட வைத்திருக்கிறேன், செய்தித்தாளில் அச்சடிக்க வைத்திருக்கிறேன். இப்படி ஒரு அலுவலகக் குறிப்பாக வரும் என்று நினைக்கவே இல்லை. சந்தோஷப்பட நேரமும் இல்லை.  போச்சு. இருந்த ஒரே காரணமும் கதவைத் தாண்டிப் போச்சு. இனி தோத்தா நான்தான் தோத்தேன்.

அடுத்த மாற்று உறுப்பினரைத் தேடிப் பிடித்து அழைத்து வரும்வரை இடைவேளை. நிவெஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“இப்ப நல்லா மாட்டிக்கிட்டே” என்றாள். என் காலரைச் சரி செய்தாள்.

வந்தவர் வரலாற்றுப் பேராசிரியர், மருஸ்கா என்று பெயர். பீச் பழத்தைத் தின்றுகொண்டே வந்தார். சட்டப் பேராசிரியர் கேட்ட முதல் கேள்விக்கே தெரியாது என்றேன். இரண்டாவதற்குப் பாதி. நீரியல் பரவாயில்லை. அப்புறம் மருஸ்கா: இருபது வருடமாக உப்பு ஏறுவதை அளக்கிறீர்களே, யாரிடம் சொன்னீர்கள்?

ஆண்டுதோறும் அறிக்கை கொடுத்தேன் என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. முந்தைய இயக்குநர் அதை அலமாரியில் வைத்தது, அதற்கு முந்தையவர் தலைப்பை மட்டும் படித்தது, இப்போதிருப்பவர் சத்தம் அதிகம் என்றது, எல்லாம் வந்தது. யாருக்கு உப்பு பிடிக்காதோ அவர் காதில் உப்பு என்ற சொல்லே விழாது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நிவெஸ் விசிறுவதை நிறுத்திவிட்டாள்.

மருஸ்கா கொட்டையைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தார்.

“உங்க ஆய்வே அதுதான தெபால்தி? யாரும் ஏன் கேக்கலங்கறது. திட்டத்துல அத ஏன் எழுதல?”

அது ஆய்வு என்று எனக்குத் தெரியாது என்றேன். அதைப் புலம்பல் என்றுதான் வீட்டில் சொல்வார்கள் என்றேன். முதல் முறையாக மூவரும் சிரித்தார்கள். அதன் பிறகு நேரம் போனதே தெரியவில்லை.

ஜூலை 12, வெள்ளி

சட்டக் கேள்விக்கு இப்போது பதில் தெரிகிறது. பல் துலக்கும்போது வந்தது.

ஜூலை 17, புதன்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். ஆறாவது பெயர் என்னுடையது.

கடைசி இடம். நிவெஸ் தலைக்கு ஷாம்பூ போட்டபடி விட்டுவந்த வாடிக்கைக்காரி சலூனிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். நாங்கள் தெருவில் நின்றுகொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்று நினைவில்லை.

ஏழாவதாக வந்த பெண்ணைப் பட்டியல் பலகை முன்னால் பார்த்திருந்தேன். கை கொடுத்தாள். அவள் என்னைப் பற்றி என்ன குறித்து வைத்துக்கொள்வாளோ.

ஜூலை 22, திங்கள்

படிப்பு விடுப்புக் கேட்டேன். இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் பழைய அறிக்கைகள் எங்கே இருக்கும் என்று கேட்டார். அலமாரியைக் காட்டினேன். மனிதர் மோசமில்லை. இளைஞர்.

ஆகஸ்ட் 24, சனி

சந்தை. முலாம்பழக் கடையில் ஸகாத்தி. ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து என் கூடையில் வைத்தான்.

“இது நல்லாருக்கும். எடுத்துக்க.”

“ஏன் அப்பவே சொல்லல?” என்று கேட்டேன். பழத்தைப் பற்றி இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

“முதல் வருஷம் பயம். அப்புறம் வெக்கம். அதுக்கப்புறம் உன்னப் பாத்தாலே வேற தெரு வழியாப் போயிடுவேன்.” இன்னொரு பழத்தை முகர்ந்தபடி, “நீ ஒரு தடவ வந்து சட்டையப் புடிச்சிருக்கலாம்” என்றான்.

அதற்குள் நிவெஸ் அவனை வியாழக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். தனியாக இருக்கிறான், மனைவி பொலோன்யாவுக்குப் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. இது பதிவாக இருக்கட்டும்.

நவம்பர் 14, வியாழன்

பனி. மூன்று நாளாகப் பம்ப் நிலையத்துக்குப் போகாமல் நூலகத்துக்குச் சைக்கிள் மிதிக்கிறேன். சக்கரம் பழைய பாதையில் திரும்பப் பார்க்கிறது. மருஸ்கா என் முதல் பத்துப் பக்கத்தில் பாதியை அடித்துவிட்டார். அடித்தது சரி.

இரவு ஸகாத்தி வந்தான். ரொட்டி அவன் கொண்டுவருவான் என்று ஆகிவிட்டது. நிவெஸ் பூசணி பூரணம் வைத்த பாஸ்தா செய்திருந்தாள். மூன்றாம் கால்வாய் அளவுகள் தான் எடுத்தவை என்று இன்றும் சாதித்தான். பொய். அன்று அவனுக்குக் காய்ச்சல், படகின் அடியில் போர்வைக்குள் கிடந்தான், நான்தான் எடுத்தேன். பாஸ்தா ஆறும்வரை சண்டை.

ஓம்ப்ரெத்தா சலூனில் சொன்னாராம், வாராவாரம் வந்தால் சட்டப்படி இதுவும் வழக்கமாக ஒரே மேஜையில் உண்பதுதானாம். இனி அவன் எனக்கு எந்தத் தேர்விலும் மார்க் போட முடியாது. அவனிடம் சொன்னேன். அப்ப சாப்பாட்டுக்கு வராம இருக்கட்டுமா என்றான். நிவெஸ் எனக்கு முன்னால் பதில் சொன்னாள்.

தட்டில் கடைசியாக இருந்த பாஸ்தாவை, நான் முள்கரண்டி எடுக்கிற நேரத்தில் அவன் எடுத்துக்கொண்டான். குறித்து வைக்கிறேன்.