அண்ணன் வட்டமிட்ட ஏழு

என் அருமை ரஹீம் அண்ணனுக்கு,

ஏற்காடு ஒண்டிக்கடையில் அத்தாவின் கடைச் சுவரில் உன் படம் இல்லை. நீ எடுத்த வானத்தின் படம்தான் மாட்டியிருக்கிறது. மங்கலான ஏழு புள்ளிகள், அவற்றைச் சுற்றி நீ சிவப்பு மையில் போட்ட வட்டம். சீனி வாங்க வருகிறவர்களிடம்கூட, "எம் பையன் கண்டுபுடிச்ச கூட்டமுங்க" என்று அத்தா காட்டுவார்.

அவை ஒவ்வொன்றும் கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த மண்டலம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நெருங்கித் தெரிவதெல்லாம் நெருங்கித்தான் இருக்கிறதா? தூரத்தை அளந்து பார்க்கும் முன்பே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நீ வேலை பார்த்த வானாய்வுக்கூடத்திலேயே நானும் சேர்ந்தேன். நீ வட்டமிட்ட ஏழு புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் தொலைநோக்கியில் பிடித்து, ஒளியைப் பிரித்துப் படத் தகடுகளில் பதிவு செய்தேன். அதில் விழும் கோடுகள் சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றனவோ அவ்வளவு தூரம். இருட்டறையில் தகடுகளைக் கழுவும்போது என் பின்னால் நீ தொண்டையைச் செருமுவாய். முதலில் திரும்பிப் பார்த்தேன். இப்போது பார்ப்பதில்லை, திரும்பினால் நின்றுவிடுகிறது. அது நீதானா அண்ணா?

ஐந்தின் கோடுகள் ஏறக்குறைய ஒரே அளவு நகர்ந்திருந்தன. அவை கூட்டம்தான். ஆறாவது நமக்கு அருகில், வழியில் குறுக்கே நிற்கிறது. ஏழாவது எல்லாவற்றுக்கும் பின்னால், வெகு தூரத்தில். அந்தத் தகட்டை அளந்த அன்று செருமல் கேட்கவில்லை.

போன வாரம் ஏற்காட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னேன்.

"அவன் ஏழுன்னுதானே கண்ணு சொன்னான்?"

"அஞ்சு நெசமாவே ஒண்ணா இருக்குதுங்க அத்தா. அண்ணன் சொன்ன கூட்டம் இருக்குது. ரெண்டு மட்டும் அதுல சேராதுங்க."

கடை முன்னால் சேலம் பஸ் வந்து நின்றது. இறங்குகிறவர்களை அத்தா ஒவ்வொருவராகப் பார்த்தார். நீ போனதிலிருந்து அப்படித்தான். பஸ் காலியானதும் என் பக்கம் திரும்பினார்.

"அந்த நொம்ப தூரத்துல இருக்கறது, அங்க தனியாவா இருக்குது?"

"தெரியலீங்க அத்தா. இன்னும் யாரும் பாக்கலீங்க."

"நீ பாரு கண்ணு."

பார்க்கிறேன் அண்ணா. அதைச் சுற்றியுள்ள மங்கல் புள்ளிகளை எல்லாம் அளக்கப்போகிறேன். அதே தூரத்தில் ஒன்றாவது அகப்படும்வரை விடமாட்டேன்.

உன் கூடப் பிறந்த தங்கச்சி,
பரீதா