தேங்காய் மிட்டாய்க்காகப் பிடித்துச் சென்ற படகைத் திருப்பித் தருமாறு

அனுப்புநர்
நெய்லி கின்யோனஸ்,
எர்மிலா கின்யோனஸின் மகள்,
சான் ரோக்கே கழிமுகம்,
பசிபிக் கரை, கொலம்பியா.

பெறுநர்
கண்காணிப்பாளர் அவர்கள்,
போதைப்பொருள் தடுப்புக் கூட்டு ரோந்துப் பிரிவு,
புவேர்ட்டோ அல்மா.

பொருள்: குற்றமற்றது என முடிவான எங்கள் மரப்படகை விடுவிப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் வாசலுக்கு இருமுறை வந்தேன். காவலர் "என்னம்மா வேணும்?" என்றதும் திரும்பிவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

2. என் மாமா ஒல்மேடோ கடலில் மூழ்கி இறந்தவர். உடல் கிடைக்கவில்லை. அவர் நினைவு நாளில், மூழ்கிய இடத்தில் அவருக்குப் பிடித்த தேங்காய் மிட்டாயைப் போடுவது எங்கள் வழக்கம். இம்முறை அம்மா அதை பிளாஸ்டிக்கில் பொதிந்து, பழுப்பு நாடாவால் இறுகச் சுற்றினார். "செத்தவன்னா உப்புத்தண்ணி ஊறுனதத்தான் திங்கணுமா?" என்றார். நானும் சுற்றிக் கொடுத்தேன்.

3. அந்தப் பொட்டலங்களோடு அம்மா படகில் போவதை வானிலிருந்து ஒரு நாட்டின் விமானம் பார்த்தது. இன்னொரு நாட்டின் கப்பல் வந்தது. நம் நாட்டு அதிகாரி படகில் ஏறினார். அம்மாவிடம் நடந்த விசாரணை:

"சரக்கு யாருக்கு?"
"என் தம்பிக்குங்க."
"அவன் எங்க?"
"கீழ."

உடனே இரண்டு முக்குளிப்பவர்கள் கடலில் இறங்கினர். மாமாவைக் கண்டுபிடித்திருந்தால் காலம் முழுக்க நன்றி சொல்லியிருப்போம்.

4. இரு நாட்டு ஆய்வகங்களும் அது தேங்காய், வெல்லம் என்று ஒப்புக்கொண்டுவிட்டன. பொட்டலங்கள் திரும்பி வரவில்லை. அதில் எங்களுக்குக் கோபமில்லை; அம்மாவின் கைப்பக்குவம் அப்படி.

5. ஆனால் படகும் வரவில்லை. துறைமுகத்தில் கேட்டால் கப்பல்காரர்கள் கையெழுத்திட வேண்டுமாம். கப்பல்காரர்கள், வழக்கைத் தொடங்கியது விமானம் என்கிறார்கள். விமானத்தார், தம்மிடம் படகு எதுவும் இல்லை என்கிறார்கள். அது உண்மைதான்.

6. படகு தங்கள் கரையில் வெயிலில் கவிழ்ந்து கிடக்கிறது. மரம் காய்ந்து பலகைகள் வாய் பிளக்கின்றன. இந்த மழைக்கு முன் தண்ணீரில் இறக்காவிட்டால் அது விறகுதான். படகில்லாமல் அலையாத்திக் காட்டுக்குப் போய் அம்மா சிப்பி எடுக்க முடியாது. சிப்பி இல்லையென்றால் எங்கள் வீட்டில் உலை இல்லை.

7. பிடிப்பதற்கு மூன்று நாடுகள் ஒத்துழைத்தன. விடுவதற்குத் தாங்கள் ஒருவர் மனம் வைத்தால் போதும். தயவுசெய்து கையெழுத்திடுங்கள்.

8. அடுத்த ஆண்டும் மாமா இறந்தவராகவே இருப்பார். நாங்களும் அதே நாளில், அதே இடத்துக்குப் போவோம். விமானத்தாரிடம் இப்போதே சொல்லி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சான் ரோக்கே
நாள்: 9 மார்ச் 2022

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்த்திருக்கும்
நெய்லி கின்யோனஸ்