வழி இல்லை என்று நான் சொல்லவில்லை

அன்புள்ள கோச்,

நேற்று முற்பகல் பார்சிப்பனியில் உள்ள என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்த தபாலில் உங்கள் பெயருக்கு ஓர் உறை இருந்தது. பிரித்தேன். உங்கள் பயண அனுமதி. நீங்கள் இந்த நாட்டை விட்டு வெளியே சென்று திரும்பலாம், அதனால் கிரீன் கார்டு விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படாது என்று சொல்லும் ஒற்றைத் தாள். மூலையில் உங்கள் புகைப்படம், மீசையை மழித்த வாரத்தில் எடுத்தது. நீங்கள் இறந்து நான்கு மாதம் ஆகிறது. இறப்பைக் குடியேற்றத் துறைக்கு நான் முறைப்படி எழுதித் தெரிவித்திருந்தேன். அந்தக் கடிதம் ஒரு மேசைக்குப் போயிருக்கும், உங்கள் தாள் வேறு மேசையில் அச்சாகியிருக்கும். திருப்பி அனுப்ப வேண்டிய தாள் அது. உறையில் முகவரியும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

இந்த மடலை உங்களால் படிக்க முடியாத மொழியில் எழுதுகிறேன். என் அலுவலகத்திலும் இதைப் படிக்கக் கூடியவர் எவரும் இல்லை. ஆங்கிலத்தில் நான் எழுதும் வாக்கியங்கள் இருபது ஆண்டுப் பழக்கத்தில் தம்மைத் தாமே காத்துக்கொள்ளக் கற்றுவிட்டன. "எனக்குத் தெரிந்தவரை" என்றோ "அன்று இருந்த தகவலின்படி" என்றோ ஒரு சொற்றொடர் முன்னால் வந்து நின்றுகொள்ளும். இங்கே அவற்றை நிற்க விடாமல் எழுத முயல்கிறேன்.

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் நீங்கள் முதன்முதலாக வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள்கிறேன். இரண்டு கைகளிலும் காய்கறிப் பைகள். ஒன்றில் ஒரு முழு முட்டைக்கோஸ் துருத்திக்கொண்டிருந்தது. நாங்கள் நாற்பதைக் கடந்த தமிழர்கள் பதினைந்து பேர், முழங்காலில் பட்டையும் இடுப்பில் வலியுமாக ஓடிக்கொண்டிருந்தோம். செந்தில் காலியான கோலுக்கு முன்னால் நின்று பந்தை வெளியே அடித்தான். நீங்கள் பைகளைக் கீழே வைத்துவிட்டு உங்கள் மொழியில் உரக்க ஏதோ சொன்னீர்கள்.

"யாருடா இந்த அங்கிள்? என்னைத் திட்டுறாரா?" என்றான் செந்தில்.

"திட்டல. உன் ஆட்டத்தைப் பார்த்து அழறாரு" என்றான் கோலை விட்டு வெளியே வந்திருந்த பாபு.

நீங்கள் தோல் காலணியோடு உள்ளே வந்து செந்திலின் தோள்களைப் பிடித்து இரண்டடி தள்ளி நிறுத்தினீர்கள். பந்தை மறுபடி அனுப்பச் சொல்லிக் கை காட்டினீர்கள். இந்த முறை அது உள்ளே போனது. அன்று மதியம் செந்தில் ஒரு காணொளியை அனுப்பிவிட்டு எல்லாரையும் போனில் அழைத்தான். "டேய், அங்கிள் சாதா ஆள் இல்லடா! உக்ரைன் நேஷனல் டீம்ல ஃபார்வர்டா ஆடியிருக்காரு. இந்த ஹெடரைப் பாரு! இவர்கிட்டயாடா நான் 'சைடுல நில்லுங்க, பந்து பட்டுடும்'னு சொன்னேன்?" மங்கலான பழைய காணொளி. மைதான ஓரத்தில் பனி. இரண்டு உயரமான தடுப்பாளர்களுக்கு நடுவே, அவர்களைவிடக் குள்ளமான ஒருவர் எழும்பித் தலையால் முட்டுகிறார். பந்து வலையில் விழுந்த பிறகும் அந்த இருவரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் முதல் நீங்கள் கோச். எங்களிடமிருந்து நான்கு தமிழ்ச் சொற்களைக் கற்றீர்கள்: ஓடு, சீக்கிரம், போதும், வக்கீல். கடைசிச் சொல் என்னைக் குறித்தது. காயம் பட்டால் யார் மீதும் வழக்குத் தொடுக்க மாட்டேன் என்ற படிவத்தில் கையெழுத்து வாங்காமல் நான் எவரையும் களத்தில் இறங்க விடுவதில்லை. உங்களிடமும் நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஊரில் ஆட்டத்துக்கு முன்னால் டீ குடிப்போம்" என்றீர்கள். உங்கள் ஆங்கில வாக்கியம் எதுவும் ஐந்தாறு சொற்களைத் தாண்டாது. ஆகவே இங்கே தமிழில் எழுதும்போதும் உங்கள் பேச்சு குறுகியே வருகிறது.

என்னைத் தடுப்பு வரிசையில் நிறுத்தினீர்கள். ஒரு முறையாவது முன்னால் ஆட விடுங்கள் என்று கேட்டதற்கு நீங்கள் சொன்னது: "முன்னால் நிற்கிறவன் பத்து தடவை தவறலாம். ஒன்று போதும். பின்னால் நிற்கிறவன் ஒரு தடவையும் தவறக் கூடாது. நீ தவற மாட்டே." அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன்.

பிறகு உங்கள் வழக்கு என்னிடம் வந்தது. போர் தொடங்கியபின் தற்காலிக அனுமதியில் இங்கே வந்திருந்தீர்கள், உங்கள் மனைவியோடு. அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தன் துறையில் அசாதாரணத் திறமை கொண்டவர் என்ற பிரிவில் உங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். விளையாட்டு வீரரோ பயிற்சியாளரோ தம் பெருமையைத் தாளில் நிரூபிக்க வேண்டிய பிரிவு அது. உங்கள் மனைவியின் விண்ணப்பம் உங்களுடையதைச் சார்ந்து நின்றது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் உங்கள் வாழ்க்கையை எனக்குச் சொன்னீர்கள். நிலக்கரிச் சுரங்க ஊர். பதினேழு வயதில் நகரத்து அணியின் தேர்வாளர் வந்து கூட்டிப் போனது. ஒரு பருவம் முழுக்க யாராலும் உங்களைத் தடுக்க முடியாமல் போனது. இருபத்தொன்பதில் முழங்கால் போனது. அதன்பின் பயிற்சியாளர் வாழ்க்கை, அதை ஆட்ட வாழ்க்கையைவிட இரு மடங்கு நீளமாக வாழ்ந்தீர்கள். சிறிய ஊர்கள், சம்பளம் தாமதிக்கும் சங்கங்கள், ஐந்து முறை பணிநீக்கம். அணிப் பயிற்சியாளரை நீங்கள் மேனேஜர் என்பீர்கள். "மேனேஜர் துணிப் பெட்டியைப் பிரிக்கக் கூடாது" என்று சிரித்தீர்கள்.

எல்லாவற்றையும்விட நீங்கள் விரும்பிச் சொன்னது ஒரு சர்க்கரை ஆலை ஊரின் அணியைப் பற்றி. குளிர்காலம் வரை அது ஒரு ஆட்டத்திலும் வென்றிருக்கவில்லை. நீங்கள் பொறுப்பேற்று, ஆலைத் தொழிலாளர் விடுதியில் தங்கி, தினமும் வீரர்களோடு ஒரே மேசையில் உண்டு, கடைசி நாள் கடைசி ஆட்டத்தில், பட்டியலின் அடியில் முடிந்து கீழ்ப்பிரிவுக்கு விழாமல் அணியைக் காப்பாற்றினீர்கள். ஆட்டம் முடிந்ததும் ஆலைச் சங்கு ஊதியது என்று இரண்டு முறை சொன்னீர்கள். அந்தப் பருவத்துக்கு ஒரு தாளும் இல்லை. நீங்கள் வைத்திருந்த செய்தித்தாள் துணுக்குகள் வீட்டோடு எரிந்துபோயிருந்தன. அந்த ஊர்ச் சங்கம் இப்போது இல்லை. விண்ணப்ப வரைவிலிருந்து நான் அந்தப் பத்தியை நீக்கினேன்.

இறுதி வரைவை உங்கள் மனைவி வரிவரியாகப் பெயர்த்துச் சொல்ல, விரலால் தொடர்ந்துகொண்டே கேட்டீர்கள். "யார் இந்த ஆள்?" என்றீர்கள்.

"நீங்கள்தான், கோச்."

"இவன் கோல் போட்டான். அவ்வளவுதான். நான் மேனேஜர்."

"சான்று இல்லாததை எழுதினால், சான்று இருப்பதையும் நம்ப மாட்டார்கள்."

கையெழுத்திட்டீர்கள். அதுவரை நான் செய்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன். அதன் பிறகு செய்ததைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

சென்ற இலையுதிர் காலத்தில் உங்கள் பழைய அணி உங்களை அழைத்தது. நீங்கள் இளைஞராக ஆடிய அதே அணி. மைதானம் குண்டுக்கு இரையாகி, மேற்கே வேறொரு நகரத்தில் இரவல் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. பயிற்சியாளர் விலகிவிட்டார். பருவம் முடியும்வரை வந்து அணியை ஏற்க முடியுமா என்று கேட்டார்கள். மறுநாளே பார்சிப்பனிக்கு வந்தீர்கள். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தீர்கள். அறுபத்தொரு வயது. இதற்குமேல் யாரும் அழைக்கப் போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் விளக்கினேன். பயண அனுமதிக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறோம், அது வர மாதங்கள் ஆகலாம். அது கையில் வராமல் வெளியேறினால் கிரீன் கார்டு விண்ணப்பம் வீழும். உங்களோடு மனைவியின் விண்ணப்பமும் வீழும். ஒவ்வொரு சொல்லும் சரியானது.

நீங்கள் கேட்டீர்கள்: "வக்கீல், நீ என்றால் என்ன செய்வே?"

"அது சட்டக் கேள்வி அல்ல, கோச்" என்றேன்.

தலையசைத்துவிட்டுப் போனீர்கள்.

இதுவரை எவரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். பயண அனுமதியை விரைந்து தரும்படி அவசரக் கோரிக்கை ஒன்று வைக்கலாம். காரணம் தகுந்தது என்று அதிகாரி கருதினால் இரண்டு மூன்று வாரங்களில் கிடைத்துவிடும். கருதாவிட்டால் மறுப்பார். ஒரு கால்பந்து அணியின் அழைப்பு தகுந்த காரணமாக ஏற்கப்படும் வாய்ப்பு மிகக் குறைவு. அத்துடன், இந்த நாட்டில் தொடர்ந்து பயிற்சியளிக்கப் போவதாகச் சொல்லி விண்ணப்பித்தவர் தன் நாட்டில் ஓர் அணியை ஏற்கக் கிளம்புகிறார் என்ற தாள் கோப்பில் நிரந்தரமாக இருக்கும். இவற்றையெல்லாம் சீர்தூக்கி ஒன்றரைப் பக்கக் குறிப்பு எழுதினேன். "பரிந்துரைக்கவில்லை" என்று முடித்துக் கோப்பில் வைத்தேன். நீங்கள் என் எதிரில் வந்து உட்கார்ந்தபோது அந்தக் கோப்பு மேசைமேல்தான் இருந்தது.

வழிகளைச் சொல்வது வக்கீலின் வேலை, தேர்ந்தெடுப்பது கட்சிக்காரரின் உரிமை. எங்கள் தொழிலில் முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்த விதி இது. நான் மறக்கவில்லை. சொன்னால் நீங்கள் ஒரு கணமும் யோசிக்காமல் சரி என்பீர்கள் என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

அணி வேறொருவரை நியமித்தது. நீங்கள் சனிக்கிழமை காலைகளில், மனைவி உள்ளே டயாலிசிஸ் இயந்திரத்தில் இருக்க, வெளியே காரில் உட்கார்ந்து போனில் ஆட்டங்களைப் பார்த்தீர்கள். அங்கே அது மாலை. இரண்டு முறை நானும் பக்கத்து இருக்கையில் இருந்தேன். ஒரு முறை நடுவில் விமானத் தாக்குதல் சங்கு ஒலிக்க, வீரர்கள் நிலவறைக்கு ஓடினார்கள். வெறும் புல்லைக் காட்டிக்கொண்டே இருந்தது திரை. நீங்கள் அதையும் கண் எடுக்காமல் பார்த்தீர்கள். "முன்னால் ஆடுற ஒன்பதாம் நம்பர் இத்தனை நேரமும் தனியா நின்றான். பக்கத்தில் வா என்று யாரும் சொல்லவில்லை" என்றீர்கள். ஆட்டம் மீண்டும் தொடங்கியது. ஒன்பதாம் எண் தனியாகவே நின்றான். நீங்கள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்தின் குளிர்ந்த காற்றைப் பார்த்து உரக்க "சீக்கிரம், சீக்கிரம்" என்றீர்கள். தமிழில். உங்களுக்கே அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. நீங்கள் போயிருந்தால் காப்பாற்றியிருப்பீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கும் சான்று இல்லை. அடுத்த மாதம் அதே டயாலிசிஸ் நிலையத்தின் காத்திருப்பு அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே உங்கள் இதயம் நின்றது. உள்ளே இருந்த உங்கள் மனைவியை இயந்திரத்திலிருந்து பிரிக்க இருபது நிமிடம் ஆனதாம்.

இறுதிச் சடங்கில் எங்கள் அணி முழுவதும் நின்றது. செந்தில் அடக்க முடியாமல் அழுதான். அவன் மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இட்ஸ் ஓகே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உங்கள் மனைவி என்னைத் தனியே அழைத்தார். "அந்த அழைப்பு வந்த அன்று, போங்கள் என்று நான் சொன்னேன்" என்றார். "அங்கேயும் இயந்திரம் இருக்கிறது, நானும் வருகிறேன் என்றேன். அவர் மறுத்துவிட்டார். வக்கீலைக் கேட்டேன், வழி இல்லை என்று சொல்லிவிட்டான் என்றார்."

நான் அப்படிச் சொல்லவில்லை. இந்த வாக்கியம் அந்த இடத்திலேயே, உங்கள் சவப்பெட்டிக்கு அருகிலேயே, என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அனுமதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று மட்டுமே சொன்னேன், வழி இல்லை என்று சொல்லவே இல்லை. பதிவுகளைப் புரட்டினாலும் அந்தச் சொல் கிடைக்காது. அதை விழுங்கினேன். விழுங்கியதற்காக எனக்கு மதிப்பெதுவும் கோர முடியாது. இறந்தவரின் மனைவி எதிரில் நிற்க, என் மனம் முதலில் ஓடியது என் சொற்களின் துல்லியத்தைத் தேடித்தான்.

அன்று முதல் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நானோ செந்திலோ அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறோம். அவருடைய விண்ணப்பத்தைத் தனியே தொடர முடியுமா என்று போராடிக்கொண்டிருக்கிறேன். முடிவு எப்படி இருக்கும் என்று சொல்லும் நிலையில் இல்லை. இன்று செவ்வாய். என் முறை. நேற்று உறையைப் பிரித்தபின் இதற்குமேல் மறைக்க முடியாது என்று தோன்றிவிட்டது. ரூட் ஒன் நெடுஞ்சாலைச் சிக்னலில் நின்றபோது அவரிடம் சொன்னேன். அவசரக் கோரிக்கை, ஒன்றரைப் பக்கக் குறிப்பு, உங்களிடம் சொல்லாமல் விட்டது, எல்லாம்.

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எவ்வளவு வாய்ப்பு இருந்தது?"

"கொஞ்சம். மிகக் கொஞ்சம்."

சிக்னல் மாறியது. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். வண்டியை எடுத்தேன்.

"அவர் முன்னால் நின்று ஆடியவர், வக்கீல்" என்றார். "அதைவிட அதிக வாய்ப்பு அவருக்கு எப்போது கிடைத்தது?"

நிலையத்தின் வாசலில், நான் எப்போதும் எடுத்துத் தரும் பையை என் கை படுமுன் அவரே எடுத்துக்கொண்டார். நான்கு மணி நேரம் கழித்துத் திரும்ப அழைக்கப் போனேன். இத்தனை நாளும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், இன்று பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். கோபித்துக்கொண்டு வேறு வண்டியில் போக அவருக்கு வேறு வண்டி இல்லை. வீடு வரை கண்ணாடியில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது. இறங்கும்போது, "வியாழக்கிழமை பத்து மணி" என்றார்.

"வருகிறேன்" என்றேன். அதைத் தவிர அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, கோச். உங்களுக்குச் சொல்லவும் இல்லை.