பாதித் தப்பும் உன்னுடையதல்ல

இன்று காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாகத் தீர்ப்பின் நகலை ஜெராக்ஸ் மெஷினில் வைத்தேன். பேங்குக்கு ஒன்று, உன் மனைவி ஷீபாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சூட்டோடு வெளியே வந்த தாளில் அந்த மை மணம் அடித்தது. தனுவச்சபுரத்தில் கல்லூரி விடுமுறை என்பதால் கடைக்கு யாரும் வரவில்லை. நின்றுகொண்டே எல்லாப் பக்கத்தையும் மறுபடி படித்தேன். படித்து முடித்தபோதுதான், தம்பி, உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. மூன்று வருடமாக உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் உண்டு.

இந்த மெஷின் நீ ஓடவைத்ததுதான். எங்கோ பூட்டிய கடையிலிருந்து பாதி விலைக்கு வாங்கி வந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் பிரித்துப் போட்டுச் சரிசெய்தாய். ஒரு உதிரிபாகத்துக்காக என்னைப் பைக்கின் பின்னால் உட்காரவைத்து நெய்யாற்றின்கரைக்குப் பறந்தாய். அமரவிளைப் பாலத்தில் என் கையிலிருந்த குடை காற்றோடு ஆற்றுக்குப் போனது. நீ நிறுத்தவே இல்லை. "வேற குடை வாங்கித் தாறேன், விடு அக்கா" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு நான் உன் வண்டியில் ஏறியதில்லை. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் என் முதல் பேச்சு, "எலே, பைய போலே" என்பதாகத்தான் இருந்தது.

அதனால்தான் அந்தச் சாயங்காலம் போன் வந்தபோது நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குழித்துறைப் பக்கம் ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் சரிபார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாய். மழை தூறி, வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரம். களியக்காவிளைக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரம் நின்றுகொண்டிருந்த பாறைக்கல் லாரியின் பின்னால் உன் வண்டி போய் மோதிவிட்டது. நின்ற லாரி. அந்த ஒரு சொல்லிலேயே தப்பு உன்மேல்தான் என்று எனக்கு முடிவாகிவிட்டது.

அடக்கத்துக்கு வந்தவர்களிடம் நான் அழுதுகொண்டே என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. "அப்பவே சொன்னேன், கேக்கல்லியே." ஒருவரிடம் அல்ல, வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். பக்கத்தில் உன் மகள் அக்ஸா நின்றுகொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

போலீஸும் அப்படியேதான் எழுதியிருந்தது. எஃப்.ஐ.ஆரில் குற்றம் சாட்டப்பட்ட எதிரி நீ. அஜாக்கிரதையாக ஓட்டி நின்ற லாரியில் மோதியதாக உன் மேலேயே வழக்கு. எதிரி இறந்துவிட்டதால் அதோடு முடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் லாரி முதலாளியின் ஆள் ஒருவர் ஒரு தாளோடு வந்தார். இனி எந்தக் கேஸும் இல்லை என்று ஷீபா கையெழுத்துப் போட்டால் அடக்கச் செலவுக்கு ஏதாவது தருவார்களாம். ஷீபா என்னைப் பார்த்தாள். போட்டுவிடு, நமக்குக் கேஸ் நிற்காது என்றேன் நான். அவள் அந்த ஆளிடம் இப்போது முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அவர் போன பிறகு என்னிடம், "மைனி, அவரு மேல கேஸ் எழுதுனது ஆருன்னு எனக்கு அறியணும்" என்றாள்.

ஆனாலும் நான் அவளை நாலைந்து மாதம் இழுத்தடித்தேன். கடைசியில் அவளே தனியாக நெய்யாற்றின்கரைக்குப் போய் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தாள். இரண்டாம் முறை போகும்போதுதான் நானும் கூடப் போனேன். வக்கீல் மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். போலீஸ் எழுதியது கடைசிச் சொல் இல்லை. போலீஸ் கேஸ் வேறு, குடும்பம் கேட்கிற இழப்பீடு வேறு. விபத்து வழக்குகளுக்கென்று இருக்கிற தீர்ப்பாயம் தானே சாட்சியைக் கேட்டு, தப்பு யார்மேல் என்று தீர்மானிக்கும். விபத்து தமிழ்நாட்டில் நடந்திருந்தாலும், குடும்பம் இங்கே கேரளத்தில் குடியிருப்பதால் மனுவை இங்கேயே கொடுக்கலாம். லாரி முதலாளி, டிரைவர், இன்சூரன்ஸ் மூன்று பேரையும் சேர்க்கலாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கேலண்டரைப் பார்த்தார். ஆறு மாதத்துக்குள் மனு போய்விட வேண்டும், இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்றார். 

எல்லைக்கு அப்பாலிருந்து போலீஸ் காகிதங்களை வாங்கி வந்தோம். எல்லாம் தமிழ். ஷீபா காட்டாக்கடையில் மலையாளம் படித்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாளே தவிரப் படிக்கத் தெரியாது. எனவே பிரதி எடுக்க எடுக்க நான் ஒவ்வொரு பக்கமாக அவளுக்குப் படித்துச் சொன்னேன். முதல் பக்கத்தில் விரலை வைத்து மறுபடி பார்த்தேன். புகார் கொடுத்தவர் யார் தெரியுமா? அந்த லாரி டிரைவர். அவன் சொன்னதைத்தான் எஃப்.ஐ.ஆராக எழுதியிருந்தார்கள். உன்மேல் வழக்குப் போட்டவன் அவன், அதை அப்படியே நம்பியவள் நான்.

பின்னால், ஏழாம் பக்கமோ எட்டாம் பக்கமோ, பஞ்சர் கடைக்காரர் ஒருவரின் வாக்குமூலம் இருந்தது. லாரி மத்தியானமே பழுதாகி நின்றுவிட்டது, பின்னால் லைட் எரியவில்லை, ஒரு கல்லோ மரக்கொம்போ அடையாளத்துக்கு வைக்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தார். எழுதி வைத்துவிட்டு யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் இரண்டாம் முறை சத்தமாகப் படித்தேன். ஷீபா ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மனு போன பிறகு இன்சூரன்ஸ்காரர்கள் சமரசத்துக்கான அதாலத்தில் பேசி முடிக்கலாம் என்றார்கள். பாதித் தப்பு உன்மேல் என்று ஒத்துக்கொண்டால் பாதி இழப்பீடு உடனே கிடைக்கும். இல்லையென்றால் விசாரணை, இன்னும் எத்தனை நாளோ. வக்கீல் எந்தப் பக்கமும் சொல்லவில்லை, இரண்டிலும் தோற்பதற்கு வழி உண்டு என்றார். ஷீபா அன்று மெலிந்து போயிருந்தாள். மைனி சொல்லுகிறபடி செய்யலாம் என்று என்மேல் விட்டுவிட்டாள். உன்மேல் முழுத் தப்பையும் போட்டவள் நான். அன்று பாதியைக்கூட ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம், விசாரணை நடக்கட்டும் என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அவள் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று கிடந்து பயந்தேன்.

பஞ்சர் கடைக்காரரை நாங்களே பஸ்ஸில் போய்க் கண்டுபிடித்தோம். வருவாரா என்று சந்தேகமாக இருந்தது. விசாரணையன்று கடையைப் பூட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, எங்களுக்கு முன்பே வந்து வராந்தாவில் நின்றார். மரக்கொம்பு ஒடித்து வைக்கும்படி தான் இரண்டு முறை டிரைவரிடம் சொன்னதாகக் கூண்டில் சொன்னார். இன்சூரன்ஸ் வக்கீல் விடவில்லை, நீ எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"அவன் வேகமாட்டு வரல்ல சாரே. எதிர வந்த பஸ்ஸுக்க லைட்டு கண்ணுல அடிச்சுது. பஸ்ஸுக்கு வழி விட்டு ஒதுங்குனான். அம்பிடுதான்."

நான் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.  அழவில்லை. நல்லா மூச்சு விட்டேன், அவ்வளவுதான்.

தீர்ப்பிலும் அதுவே இருக்கிறது. வெளிச்சமும் அடையாளமும் இல்லாமல் லாரியை நிறுத்தியதே விபத்துக்குக் காரணம், இறந்தவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. மேல்முறையீட்டுக்கான நாளும் கழிந்துவிட்டது. இழப்பீட்டில் அக்ஸாவின் பங்கு அவள் பேரில் பேங்கில் இருக்கும். பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிப்பது என்று இப்போதே அம்மாவோடு சண்டை போடுகிறாள்.

தீர்ப்பு வந்த அன்று ஷீபா, அக்ஸாவிடம் நீங்களே சொல்லுங்கள் மைனி என்றாள். எதற்கென்று எனக்குப் புரிந்தது. உன் மகளை அடுக்களையில் உட்காரவைத்தேன்.

"அப்பா அன்னைக்கு வேகமாட்டு வரல்ல மக்கா. அத்தை தெரியாம சொல்லிப்போட்டேன்."



"எனக்கு அறியும் அத்தை," என்றாள் அவள். "அப்பா என்னை வச்சு ஓட்டும்போ சைக்கிள்காரன்கூட முந்திப் போவான். எனக்கு நாணமா இருக்கும்."

அவள் பிறந்த பிறகு ஒருநாள்கூட நான் உன் வண்டியில் உட்கார்ந்ததில்லையே. என் மனசில் இருந்தவன் அமரவிளைப் பாலத்தில் பறந்த இருபத்திரண்டு வயசுக்காரன். மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு செங்கல் ஊருக்குப் போகும் ரோட்டில் ஓரமாக ஊர்ந்து போன அந்த அப்பனை எனக்குத் தெரியாது. அவனைப் பற்றி இப்போது அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.