இறக்கை மடித்த பொம்மர்கள்

பசை மணக்கும் கைகளை உடைய என் அன்பு அத்தானுக்கு,

இங்கே லண்டன் மிச்சம் (Mitcham) பகுதியில் குளிர் தொடங்கிவிட்டது. அக்கா உங்கள் பஸ் கராஜ் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் என் கடைக்குப் பால் வாங்க வருகிறார். முழங்கால் வரை தொங்குகிறது, சொன்னால் கேட்கிறாரில்லை. நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. கடையில் பிரிட்ஜ் மக்கர் பண்ணினால் இன்னும் என் கை தானாக உங்கள் நம்பரை அழுத்துகிறது, அத்தான்.

கிழமை நாட்களில் நீங்கள் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசை முழுக்க உங்கள் பிளாஸ்டிக் மாதிரி விமானங்கள். எல்லாம் உலக யுத்தத்தில் கப்பலிலிருந்து கிளம்பிய குண்டுவிமானங்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் பொம்மர்கள். அந்தக் காலத்தில் உங்கள் அப்பா திருகோணமலை சீனக்குடாத் தளத்தில் அவற்றின் இறக்கை மடியும் பிணைச்சல்களுக்குக் கிறீஸ் பூசியவர். அந்தப் பைத்தியம் மகனையும் விடவில்லை. அக்காவும் நானும் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவோம்.

முதலில் சுவோர்ட்பிஷ். துணி போர்த்த உடம்பு, இரண்டு தட்டு இறக்கை, சுற்றிவரக் கம்பி. "இதிலை ஆரும் ஏறுவானே?" என்று சிரிப்பேன். "ஏறித்தான் பெரிய பெரிய கப்பலுகளைத் தாட்டவங்கள்" என்பீர்கள். அதற்குப் பதிலாக, ஓட்டுகிறவருக்குக் கூரை போட்ட அல்பகோர் வந்ததாம். கடைசியில் புதியது ஓய்வுக்குப் போன பிறகும் பழையது பறந்ததாம். இதைச் சொல்லும்போது, கராஜில் உங்களைத் தாண்டிப் பொடியன்களை உயர்த்திய மனேஜரை நினைத்து ஒரு சிரிப்புச் சிரிப்பீர்களே, அது இப்போதும் காதில் கிடக்கிறது.

பிறகு, முழுக்க உலோகத்தில் பராகுடா. செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுவதற்கு இறக்கையின் பின்னால் தனிப் பலகைகள். ஆனால் திருகோணமலை வெக்கையில் பாரம் தூக்கிப் பறக்கத் திணறியதால் அங்கிருந்து எடுத்துவிட்டார்களாம். துணியிலிருந்து உலோகத்துக்கு, ஒரே யுத்தத்துக்குள். "எல்லாம் மீன் பேராக் கிடக்குது, இதைப் பொரிக்கிறதோ, குழம்பு வைக்கிறதோ?" என்று நான் கேட்க, அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார்.

விமானத்தைக் கீழ்த்தட்டுக்கு இறக்கும் கப்பல் லிப்ட் ஒடுக்கம் என்பதால் இறக்கை மடிய வேண்டும். மாதிரி கட்டுகிறவர் அதை விரிப்பதா மடிப்பதா என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டும், ஒட்டினால் ஒட்டியதுதான். நீங்கள் எல்லாவற்றையும் மடித்தே ஒட்டினீர்கள்.

"நனைஞ்ச காகம் மாதிரி நிக்குது. ஒண்டையாவது விரிச்சு விடுங்கோவன்."

"அலுமாரியிலை இடம் வேணுமெல்லே மச்சான்."

நானும் நம்பினேன்.

இந்த வருடம் சித்திரையில் ஒரு நாள், வன்னி யுத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நாள் முழுக்க நின்று கத்திவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பராகுடாவுக்கு ஒரு பக்க இறக்கை ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்த வாய் வந்ததோ.

"அங்கை சனம் பொம்மருக்குப் பயந்து பங்கருக்குள்ளை கிடக்குது. நீங்கள் இஞ்சை பொம்மர் கட்டுறியள். வெக்கமா இல்லையே?"

உங்கள் தம்பி யாழ்ப்பாணத்தில் பொம்மர் போட்ட குண்டில் செத்தவர். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

நீங்கள் பசைக் குழாயை மூடினீர்கள். "சாப்பிட்டிட்டுப் போ மச்சான்" என்றீர்கள். நான் சாப்பிடாமல் போனேன். அதன் பிறகு அந்த மேசையில் நீங்கள் எதையும் விரிக்கவில்லை. கோடையில் ஒரு காலை, வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டபடியே சரிந்து, போய்விட்டீர்கள். மன்னிப்புக் கேட்க நாளைக்கு, நாளைக்கு என்று நான் எத்தனை நாளைத் தள்ளினேன், அத்தான்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த நாள் அக்கா அலுமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் டின்னை என் கையில் தந்தார். உள்ளே சின்னச் சின்னக் குண்டுகள், டோர்பீடோக்கள். ஒன்றிலும் பெயின்ட் படவில்லை. இத்தனை வருடமாக எந்த விமானத்திலும் நீங்கள் அவற்றைப் பூட்டவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

"நான் ஒருக்கா ஏனெண்டு கேட்டனான்," என்றார் அக்கா. "தன்ரை தம்பி போனாப் பிறகு குண்டு பூட்டக் கை வருகுதில்லை எண்டவர். செட்டை மடிஞ்சு, குண்டும் இல்லாமல் நிண்டால் அது அப்பா கிறீஸ் பூசின பிளேன் மட்டும்தானாம்."

டின்னை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். இதை அன்றைக்கே என் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லியிருக்கக் கூடாதா? ஏன் சாப்பிடச் சொன்னீர்கள்?

பராகுடாவை நான் எடுத்து வந்திருக்கிறேன். ஒரு இறக்கை மடிந்து நிற்கிறது. மற்றது இன்னும் பெட்டிக்குள். என் விரல்கள் கடைக்காரன் விரல்கள், பசை வெளியே வழியும், நீங்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். இருந்தாலும் வருகிற ஞாயிறு உங்கள் மேசையில் இருந்தே அதை ஒட்டுவேன், மடித்தே ஒட்டுவேன். அதன் குண்டுகளை உங்கள் டின்னுக்குள் போட்டு மூடுவேன். பிறகு அக்காவிடம் கோப்பையை வாங்கி, அன்றைக்குச் சாப்பிடாமல் போன சோற்றைச் சாப்பிடுவேன்.

என்றும்,
உங்கள் வீட்டில் ஒரு நேரச் சோறு பாக்கியுள்ள மச்சான்