கொடியில் கிடந்த சேலை

யூன் 3, செவ்வாய்

இன்றும் முழுநாளும் கணினித் திரையில் ஆட்களைச் சுற்றிப் பெட்டி கீறினேன். எங்கேயோ ஒரு நாட்டில் ட்ரோன் எடுத்த வீடியோ. சாதாரண ஆள் என்றால் பச்சை, சந்தேகம் என்றால் சிவப்பு. அதைப் பார்த்துக் கணினி பழகுமாம். கிளிநொச்சியில் ஏசி அறை, சுழல் கதிரை என்று ஊரே பொறாமைப்படுகிறது. வந்து இருந்து பார்க்கட்டும்! வீடியோவில் சத்தம் இல்லை. எனக்கு மட்டும் இரைகிறது. வீட்டில் மிக்ஸி போட்டாலும் அந்த இரைச்சல்தான்.

யூன் 5

சோறு இறங்கவில்லை.

யூன் 11

மேற்பார்வையாளர் பிரதாபன் அண்ணாவிடம் நேரே கேட்டேன், இது யாருக்கு என்று.

"ஏதோ ஒரு நாட்டு ஆமிக்காம். அதுக்கு மேல எனக்கும் தெரியாது, தங்கச்சி."

வேலைக்குச் சேர்க்கும்போது வெள்ள நிவாரணத்துக்கு என்றார்கள், இப்போது ராணுவத்துக்காம். தலை இடிக்கிறது, நித்திரை இல்லை என்றேன். "கண்ணுக்கு மருந்து விடுங்கோ" என்கிறார். கண்ணிலா வருத்தம்?

யூன் 12

புது உத்தரவு. ட்ரோனைக் கண்டு ஓடுகிறவர், எதையாவது அவசரமாக ஒளிக்கிறவர் எல்லாரும் சிவப்பு.

மத்தியானம் வீடியோவில் ஒரு பெண் வந்தாள். காயப்போட்ட உடுப்புகளைக் கொடியிலிருந்து இழுத்து அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகிறாள். என் கை நின்றுவிட்டது. சண்டைக் காலத்தில் வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்போம். வண்டு இரைந்தால் அம்மா முதலில் கொடியைத்தான் வெறுமையாக்குவா. உடுப்பைக் கண்டால் ஆள் இருக்கெண்டு குண்டு அடிப்பாங்கள் என்பா. பிறகுதான் என்னைப் பங்கர் குழிக்குள் இழுப்பா. அப்ப அம்மாவும் சிவப்பா? பத்து வயது நானும் சிவப்பா?

ஏலாது. பச்சை போட்டேன்.

யூன் 16

அந்தப் பெண்ணின் படம் பிழை என்று திரும்பி வந்தது. பச்சை. மறுபடியும் வந்தது. பச்சை.

பிரதாபன் அண்ணா பக்கத்தில் வந்து நின்றார். "நிறத்தை மாத்துங்கோ. வேலை போயிடும்."

"போகட்டும் அண்ணா. அவா உடுப்புத்தான் எடுக்கிறா."

திரையையே பார்த்தார். "எங்கட அம்மாவும் அப்பிடித்தான்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். அவரே மாற்றுவாரோ என்னவோ. என் கையால் நடக்காது.

யூன் 17

வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

யூன் 22, ஞாயிறு

அடுத்த வீட்டில் கலியாணம். படம் எடுக்க ட்ரோன் விட்டார்கள். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா பாய்ந்து வந்து கொடியில் கிடந்த சேலையை இழுத்தா. இத்தனை வருடத்துக்குப் பிறகும்! நான் மற்றத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கோ அம்மா. இன்னும் காயேல்லை."

  ட்ரோன் எங்கள் தலைக்கு மேலேயே நின்று இரைந்தது. சேலையை விரித்துத் திரும்பக் கிளிப் போட்டேன்.

அம்மா உள்ளே போகவில்லை. வாளியில் மிச்சம் கிடந்த என் சட்டையை எடுத்து, நன்றாக உதறி, பக்கத்தில் காயப்போட்டா.